சத்தம் வெளியே போகாத வீடு

வீட்டைப் பாக்காத தம்பி, எதிர் வீட்டைப் பாரு. நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். அம்புட்டுதான்.

நீ என்னத்தையோ செல்போன்ல காட்டுற. எந்த ஏரியாவுக்கு எத்தனை ஸ்டாரு, எங்க மெட்ரோ வருது, எங்க மழைத்தண்ணி நிக்காதுன்னு. அதெல்லாம் எவனோ உக்காந்து எழுதினது. ராஜபாளையத்துல இருந்து இப்பத்தான் வந்து இறங்கியிருக்க, தையில கல்யாணம், அதுக்குள்ள வீடு பிடிக்கணும். உன் அவசரம் எனக்குப் புரியுது. நானும் அருப்புக்கோட்டையில இருந்து இப்படித்தான் வந்தேன். நம்ம பக்கத்துப் பையனா இருக்கியேன்னுதான் சொல்றேன். இல்லன்னா இந்தக் காளிராஜ் கம்பெனி பஸ்ல ஏறுனா தூங்கிருவான், யாருகிட்டயும் வாயத் திறக்க மாட்டான். யாரை வேணா கேட்டுப் பாரு.

என் புருவத்தைத்தான பாக்குற? ஏறுனதுல இருந்து பாக்குற, நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நல்லாப் பாரு. தையல் போட்டது. முன்பல்லும் பாதி இல்ல. பைக்ல விழுந்தேன்னு ஆபீஸ்ல சொல்லி வச்சிருக்கேன். விழல. ஏரியா பாக்கத் தெரியாம வீடு பிடிச்சதுக்குக் கிடைச்ச பரிசு இது.

கல்யாணம் ஆன புதுசுல எனக்கு ஒரே ஆசை, கடல் பாத்த வீடு. மெட்ராஸுக்கு வந்தும் கடல் தெரியாத வீட்டுல இருக்கணும்னா, அதுக்கு அருப்புக்கோட்டையிலயே இருந்திரலாமே. மாமனார் வந்தா மொட்டை மாடியில நிறுத்தி, அந்தா பாருங்க மாமான்னு காட்டணும். எங்க டீம்ல எல்லாரும் இங்கிட்டு பழைய மகாபலிபுரம் ரோட்டுல அபார்ட்மென்ட் அபார்ட்மென்ட்டா ஏறிக்கிட்டு இருந்தானுக. நான் மட்டும் புரோக்கரைப் பிடிச்சு அங்கிட்டு கடற்கரைப் பக்கம் போனேன். செங்கேணிக்குப்பம். மீன்காரங்க தெரு. மாடி போர்ஷன். ஜன்னலைத் திறந்தா படகும் அலையும்தான்.

நான் ஒண்ணும் பாக்காம எடுக்கல தம்பி. தண்ணிய நாக்குல வச்சுப் பாத்தேன், உப்பா நல்ல தண்ணியான்னு. வாசல் எந்தத் திசைன்னு பாத்தேன். செவுத்துல ஓதம் ஏறியிருக்கான்னு தட்டித் தட்டிப் பாத்தேன். பைக் நிறுத்த நிழல் இருக்கான்னு பாத்தேன். ஆனா எதிர்த்த வீட்டுல யாரு இருக்காங்கன்னு பாக்கல. ஆழம் தெரியாம காலை விட்டேன்.

எதிர்த்த வீட்டுல தேசம்மான்னு ஒருத்தி. மார்க்கெட்ல மீன் விக்கிறவ. வாயத் திறந்தா தெருவே அதிரும். அவ புருஷன் குடிச்சுட்டு வந்தா அவனையும் அடிப்பா, அவன்கிட்ட அடியும் வாங்குவா. இவ எனக்கு நியாயம் சொல்ல வந்தா பாரு, அதைத்தான் சொல்ல வரேன்.

அந்தத் தெருவுல பகல்ல எவனும் கதவைச் சாத்த மாட்டான். சாத்தினா அது ஒரு குத்தம். பொன்மாரி, அதான் என் வீட்டுக்காரி, ஒருநாள் தலைவலின்னு சாத்திட்டுப் படுத்திருக்கா. மாடியேறி வந்துட்டாளுக. இன்னா கண்ணு, ஒடம்புக்கு இன்னான்னு ஒருத்தி. சுக்கு தட்டிப் போடவான்னு ஒருத்தி. கேட்டா பாசமாம். எனக்குப் பாசம் வேணாம், வீடுதான் வேணும். நான் ஜட்டியோட நடக்கணும்னா நடக்க முடியல என் வீட்டுல.

பொன்மாரி வந்தப்ப எப்படி இருந்தா தெரியுமா? வாய் இருக்கிற இடம் தெரியாது. பி.காம் படிச்சவ, இருந்தும் ஒரு எதிர்ப்பேச்சு கிடையாது. அதைப் பாத்துத்தான் கட்டினேன். அங்க போய் கொஞ்ச நாள்லயே அவளுகளோட படியில உக்காந்து நெத்திலி ஆய ஆரம்பிச்சிட்டா. பேச்சே மாறிப் போச்சு. ஒருநாள் என்னைப் பாத்தே "இன்னாத்துக்கு கத்துற"ன்னுட்டா. எனக்கு எப்படி இருக்கும், சொல்லு.

அந்த வாரம்தான் முதல் தடவை. ஆபீஸ்ல இருந்து வரேன், படியில பூராம் பொம்பளைங்க. நடுவுல இவ. அப்படி ஒரு சிரிப்பு. கண்ணுல தண்ணி வர்ற சிரிப்பு. நான் வண்டிய நிறுத்தினதும் சிரிப்பு நின்னு போச்சு. நான் வந்ததும் ஏன் நிக்கணும்? என்னைப் பத்தித்தான பேசியிருக்கணும்? உள்ள கூட்டிட்டுப் போய் நிதானமாத்தான் கேட்டேன். ஒண்ணும் இல்லைங்கன்னா. ஒண்ணும் இல்லாததுக்கு ஒருத்தி அப்படிச் சிரிப்பாளா? கை பட்டுச்சு. பட்டுச்சுன்னா பட்டதுதான். அவ தள்ளாடிப் போய் சுவிட்ச் போர்டுல இடிச்சுக்கிட்டா. காது ஓரமா கிழிஞ்சு ரத்தம். சுவிட்ச் போர்டு அங்க இருந்தது என் தப்பா? வீட்டுக்காரன் வச்ச இடம் அது.

ரத்தத்தைப் பாத்து ஒரு கத்து கத்தினா பாரு.

கத்தி முடிக்கல, தேசம்மா வாசல்ல நிக்கிறா. கையில மீன் அரியிற கத்தி. வேலைய விட்டுட்டு அப்படியே வந்திருக்கா.

"இன்னாப்பா சத்தம்?"

"ஒண்ணுமில்லக்கா. குடும்ப விஷயம். நீங்க போங்க."

அக்கான்னுதான் கூப்பிட்டேன். மரியாதை குடுத்தேன். அவ என்னைப் பாக்கவே இல்ல. நேரா உள்ள வந்து பொன்மாரி காதைத் திருப்பிப் பாத்தா. பெறகு என்கிட்ட சொல்றா:

"இதோ பாருப்பா. கடல்ல ஒருத்தன் துணிய வீசிக் கூப்புட்டா, பக்கத்துப் படகு போய் நிக்கணும். பேச்சுவார்த்தை இல்லாதவனா இருந்தாலும் போவணும். வலை அறுந்தாலும் போவணும். போவலன்னா ஊர்ல அவனுக்கு மரியாத இல்ல. தரையிலயும் எங்களுக்கு அதான். பொண்ணு கத்துனா வருவோம். நீ கூப்ட்டியா, கதவு தொறந்துச்சான்னுல்லாம் பாக்க மாட்டோம்."

என்ன பழக்கம் இது? கடல் வேற, வீடு வேற இல்லையா? புருஷன் பொண்டாட்டி சண்டை விடிஞ்சா சரியாப் போகும்னு நம்ம ஊர்ல சும்மாவா சொன்னாங்க? எங்கப்பா எங்கம்மாவை அடிக்காத அடியா? பக்கத்து வீட்டுல ஒருத்தன் எட்டிப் பாத்திருப்பானா? பாத்தாலும் தெரியாத மாதிரி போயிருவாங்க. அதுக்குப் பேருதான் நாகரிகம். எங்கம்மாவும் ஒருநாள் வெளிய சொன்னதில்ல. கடைசி வரைக்கும் சொல்லாமலேதான் போய்ச் சேந்தா.

சரி, வந்த இடத்துல அனுசரிச்சுப் போவோம்னு நான்தான் விட்டுக் குடுத்தேன். கத்தாதன்னு அவகிட்ட சொல்லிட்டேன். நான் கையை ஓங்கினா முந்தானைய எடுத்து வாயில வச்சுக்கன்னு சொன்னேன். வச்சுக்கிட்டா. புத்தி வந்துருச்சுன்னு நினைச்சேன். அவளுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. இருந்தாலும் ஒரு எச்சரிக்கைக்கு, முதல்ல டிவிய போட்டுருவேன். பாட்டோ செய்தியோ, சத்தத்தைக் கூட்டி வச்சுட்டுத்தான் மத்தது.

அங்கதான் தம்பி நான் தப்புக் கணக்குப் போட்டேன். அவளுகளுக்குக் காது இல்ல, பாம்புச் செவி. எங்க வீட்டுல டிவி சத்தம் கூடினா என்ன அர்த்தம்னு கண்டுபிடிச்சிட்டாளுக.

ஒரு ஞாயித்துக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்திருக்கேன். இவ போன் அடிக்குது. நான்தான் எடுத்தேன். எங்களுக்குள்ள அவ போனு, என் போனுன்னு என்ன இருக்கு, எது அடிச்சாலும் நான்தான் எடுப்பேன். பக்கத்துல ஒரு கண் ஆஸ்பத்திரி, அங்க இருந்து பேசுறாங்க. ரிசப்ஷன் வேலைக்கு பொன்மாரி மேடம் எப்ப வந்து சேர்றாங்கன்னு கேக்குறான். மேடம்! எனக்குத் தெரியாம எழுதிப் போட்டு, நேர்ல போய் பேசிட்டும் வந்திருக்கா. தேசம்மா கூட்டிட்டுப் போயிருக்கா. என் வீட்டுல இருந்துக்கிட்டு, என் சோத்தைத் தின்னுக்கிட்டு.

நான் ஒண்ணும் பதறல. பதறுற ஆளு இல்ல நான். எந்திரிச்சுப் போய் டிவிய போட்டேன். சத்தத்தைக் கூட்டினேன். ஏதோ பட்டிமன்றம் ஓடிக்கிட்டு இருந்துச்சு, ஜனங்க கைதட்டுறாங்க. லேப்டாப் சார்ஜரை எடுத்தேன். கம்பெனி சார்ஜர். கனமான பக்கத்தைக் கையில சுத்திக்கிட்டு வயர் பக்கத்தாலதான் அடிச்சேன். எது எவ்வளவு வலிக்கும்னு யோசிச்சுத்தான் அடிப்பேன். முதுகுல, தொடையில, வெளிய தெரியாத இடமா. அவ சுருண்டு கட்டிலுக்கும் செவுத்துக்கும் நடுவுல போய் உக்காந்துக்கிட்டா. அப்ப முகம் குறுக்க வந்துருச்சு. உதடு பிஞ்சு போச்சு. அது அவளா திரும்பினது.

அவ கத்தல. அதைச் சொல்லணும். துணி வாயிலதான் இருந்துச்சு.

பட்டிமன்றத்துக் கைதட்டுல அவளுக படியேறினது எனக்குக் கேக்கல. கதவுல என்னமோ மோதுது. ஒரு துடுப்பை எடுத்துட்டு வந்து கதவை இடிச்சிருக்காளுக. தாழ்ப்பாள் தெறிச்சு என் கால்ல வந்து விழுந்துச்சு. தேசம்மா முதல்ல. அவ பின்னால எத்தனை பேருன்னு தெரியல, அறை பூராம் பொம்பளைங்க, ஒரே மீன் கவிச்சி. ஒருத்தி என் முடிய பிடிச்சா. ஒருத்தி சார்ஜரைப் பிடுங்கி, நான் கையில சுத்தி வச்சிருந்ததை அவுத்து, கனமான பக்கத்தாலயே போட்டா. பல்லு போனது அதுலதான். தேசம்மா மீன் சுமக்கிற அலுமினிய அன்னக்கூடையத் தூக்கி முகத்துல ஒரே இறக்கு. அதோட விளிம்புதான் இந்தப் புருவம். கண்ணுல ரத்தம் இறங்கி ஒண்ணும் தெரியல. லுங்கி அவுந்து போச்சு. அப்படியே படியில இழுத்துட்டுப் போனாளுக. ஒவ்வொரு படியும் முதுகெலும்புல இடிக்குது. தெரு மணல்ல போட்டு மிதிச்சாளுக தம்பி. வயித்துல, விலாவுல. வாயில மணலு. ஒருத்தி நெஞ்சுமேல உக்காந்து ரெண்டு கன்னத்துலயும் மாத்தி மாத்தி அறையிறா, ஏதோ துணி துவைக்கிற மாதிரி.

ஆம்பளைங்க பூராம் எதிர்ல உக்காந்து வலை பின்னிக்கிட்டு இருக்கானுக. ஒருத்தன் எந்திரிக்கல. அண்ணே காப்பாத்துங்கண்ணேன்னு கத்துறேன். ஒரு கிழவன் சொல்றான், "பொம்பளைங்க பஞ்சாயத்துல நாங்க கை வெக்க மாட்டோம்பா"ங்கிறான். நூலைப் பல்லுல கடிச்சு அத்துட்டு மறுபடி பின்றான்.

அதெல்லாம்கூட ஆறிப் போகும். ஆறாதது ஒண்ணு இருக்கு.

பொன்மாரி படியில நிக்கிறா. உதட்டுல ரத்தம் வடியுது. ஏ பொன்மாரி, சொல்லுடி, விடச் சொல்லுடின்னு கெஞ்சுறேன். கட்டின புருஷன் கெஞ்சுறேன். தேசம்மா கைய நிறுத்திட்டு மேல பாத்துக் கேக்குறா:

"இன்னா கண்ணு, போதுமா? இன்னும் வெக்கட்டா?"

அவ யோசிச்சா தம்பி. யோசிச்சா! யோசிக்கிறதுக்கு அதுல என்ன இருக்கு? வலை பின்றவன்கூட கைய நிறுத்திட்டு அவளையே பாக்குறான். அம்புட்டு நேரம் யோசிச்சுட்டு, பெறகுதான் "போதும்க்கா"ன்னா. அடிச்சதெல்லாம் வலிக்கல எனக்கு. அந்த யோசனைதான் இன்னும் வலிக்குது.

போலீஸுக்குப் போயிருப்பேன். போய் என்னன்னு எழுதிக் குடுக்கிறது? மீன்காரிங்க அடிச்சு மணல்ல புரட்டினாங்கன்னா? அன்னைக்கே ஒரு லாட்ஜுக்குப் போயிட்டேன். இவ எதிர்த்த வீட்டுல தேசம்மாகூட தங்கிட்டா.

அதுக்குப் பெறகுதான் நான் ஒழுங்கா ஏரியா பாக்கக் கத்துக்கிட்டேன். இந்த ரோட்டுல எத்தனை அபார்ட்மென்ட் ஏறி இறங்கியிருப்பேன் தெரியுமா? தண்ணி, வாஸ்து ஒண்ணும் பாக்கல. கதவைச் சாத்திட்டு நடுக் கூடத்துல கைதட்டிப் பாப்பேன், எதிரொலி எப்படி இருக்குன்னு. பால்கனிக்கு ரெட்டைக் கண்ணாடி இருக்கான்னு பாப்பேன். எதிர் ஃபிளாட்டுக்காரன்கிட்ட, உங்களுக்குப் பக்கத்து வீட்டுல யாருன்னு கேப்பேன். பேரு தெரிஞ்சு சொன்னான்னா அந்த இடம் வேணாம்னு வந்துருவேன். கடைசியில ஒண்ணு அமைஞ்சுது பாரு, அருமையான இடம். உசரமான மாடி. கேட்டுல செக்யூரிட்டி. எதிர்ல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் நம்மள மாதிரியே கம்ப்யூட்டர் வேலை. லிஃப்ட்ல பாத்தாலும் போனைத்தான் பாப்பாங்க. படிச்ச ஜனங்க. கடல்கூட தூரத்துல ஒரு கோடு மாதிரி தெரியுது, எனக்கு அது போதும்.

மாமனாரை வரச் சொன்னேன். நல்ல மனுஷன். குப்பத்துக்கே போய் அவகிட்டப் பேசினார். "அடிக்கிற கைதான்மா அணைக்கும். மாப்ள கோவக்காரரே தவிர கெட்டவர் இல்ல. புது எடத்துல எல்லாம் சரியாப் போகும்"னு எனக்காக அவரே சொன்னார். அவ அழல, சண்டை போடல. "வீட்டைப் பாத்துட்டுச் சொல்றேன்பா. புடிச்சிருந்தா அன்னைக்கே போயிடுறேன்"னிருக்கா. எனக்கு உசுரே வந்துருச்சு. இம்புட்டு நல்ல வீட்டைப் பாத்தா எந்தப் பொம்பளைதான் வேணாம்பா?

அடுத்த நாள் காலையில வந்தாங்க. அவ கையில துணிப் பையும் இருந்துச்சு. பாத்ததும் எனக்கு நிம்மதி. தங்கத்தான் வந்திருக்கான்னு.

மாடுலர் கிச்சனைக் காட்டினேன், பாக்கல. குழாயில சுடுதண்ணி வருதுன்னேன், சரின்னா. நேரா வாசலுக்குப் போய் எதிர்க் கதவைப் பாத்தா. வெளிய செருப்பு கிடக்கு. உள்ள மிக்ஸி ஓடுற சத்தம் லேசா வருது.

"இங்க ஆளு இருக்காங்களா?"

"இருக்காங்க. ஆனா ஒரு தொந்தரவும் கிடையாது"ன்னேன்.

"அவங்க பேரு என்ன?"

"யாருக்குத் தெரியும்? அதான சொல்றேன், நல்ல இடம்னு."

தலைய ஆட்டிக்கிட்டா. உள்ள வந்து பையைக் கீழ வச்சா. பால்கனிக் கண்ணாடிய இழுத்துச் சாத்தினா. வாசக்கதவை மட்டும் லேசாத் திறந்தே விட்டா. மாமனார் சோபாவுல உக்காந்திருக்கார். நான் அடுப்படி வாசல்ல நிக்கிறேன், அவளுக்கும் எனக்கும் நடுவுல ஒரு ஆள் படுக்கிற தூரம் இருக்கு. விரல்கூடப் படல, சத்தியமா.

கத்தினா தம்பி. "ஐயோ, கொல்றானே! யாராச்சும் வாங்க! என்னக் கொல்றானே!"

அடிவயித்துல இருந்து வர்ற கத்து. நரம்பு புடைச்சு நிக்குது. மாமனார் எந்திரிச்சவர் அப்படியே நிக்கிறார். நிறுத்துடின்னேன். நிறுத்தல. மூச்சு வாங்கிட்டு மறுபடி. தொண்டை கம்மிப் போற வரைக்கும் மறுபடி மறுபடி. நான் அவகிட்ட கத்தாதன்னு சொன்ன நாளெல்லாம் சேத்து வச்சிருந்து கத்தின மாதிரி இருந்துச்சு.

எதிர் வீட்டுல மிக்ஸி நின்னுச்சு. பெறகு உள்ள இருந்து தாழ்ப்பாள் போடுற சத்தம். அப்புறம் மேல் தாழ்ப்பாளும்.

ஒருத்தர் வரல. எவ்வளவு பண்பான ஜனங்க பாரு.

கொஞ்ச நேரத்துல செவுத்துல இண்டர்காம் அடிச்சுது. நான் ஸ்பீக்கர்ல போட்டேன். கேட்டுல இருந்து செக்யூரிட்டி. "சார், பக்கத்து ஃபிளாட்ல இருந்து கம்ப்ளைன்ட். கொஞ்சம் சவுண்டைக் கம்மி பண்ணிக்குங்க சார்."

அதைக் கேட்டுட்டு பொன்மாரி முந்தானையால வாயத் துடைச்சா. "வீடு பாத்தாச்சுப்பா. வாங்க, போகலாம்"னா. குரலே வரல அவளுக்கு.

போகாதடின்னு பாய்ஞ்சு கையப் பிடிச்சேன். குறுக்க வந்தது யாருன்னு நினைக்கிற? மாமனார். அந்தப் பூஞ்சை மனுஷன், எனக்காகப் பேசினவர், என் நெஞ்சுல கைய வச்சுத் தள்ளினார். இத்தனை நாளும் மாப்ளன்னு வாய் நிறையக் கூப்பிட்டவர், மூஞ்சியப் பாக்காம மக பையை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு லிஃப்ட்ல ஏறிட்டார். இப்ப அவ அந்தக் கண் ஆஸ்பத்திரியிலதான் வேலை பாக்குறா. குப்பத்துலயே ஒரு ரூம் எடுத்துட்டா. கடல் பாத்த ரூமாம். மாமனாரும் மாசாமாசம் வந்து இருந்துட்டுப் போறாராம். வேலியில போற ஓணானை எடுத்து வேட்டியில விட்டுக்கிட்டேன் நான், அந்தத் தெருவுக்குக் கூட்டிட்டுப் போயி.

அதனாலதான் உன்கிட்ட சொல்றேன். எங்க மாடியிலயே ஒரு ஃபிளாட் காலியாகுது. புதுசாக் கல்யாணம் ஆகப் போற பையனுக்கு அதைவிட இடம் கிடையாது. நாளைக்கு நீ...

என்ன சொன்ன? இரு, என்ன சொன்ன இப்ப? பொன்மாரி அக்கா செஞ்சதுதான் சரியா? அதைச் சொல்ல நீ யாருடா? நேத்து வந்த பய. இம்புட்டு நேரம் என் வயித்தெரிச்சலக் கொட்டினேனே, உனக்கு நான் மனுஷனாத் தெரியலையா? எங்க எந்திரிக்கிற? உக்காரு. உக்காருன்னா உக்காரு. உன் விரலை நான் விடணுமா? விட மாட்டேன்டா. வலிக்கட்டும். நீ கத்து, யாரு வேணாம்னா? இந்தா கத்துறேல்ல, இன்னும் சத்தமாக் கத்து.

பாத்தியா? பஸ்ஸு நிறைய ஆளு. ஒருத்தன் காதுல இருக்கிறதக் கழட்டினானா? அந்தப் பொண்ணு பாத்துச்சு, பாத்துட்டு ஜன்னல் பக்கம் திரும்பிருச்சு. நல்ல ஊரு தம்பி இது. எல்லா ஏரியாவும் அந்தக் குப்பம் கிடையாது.

சரி, கண்ணைத் துடை. விரல் ஒண்ணும் ஒடியல, லேசா வீங்கும், அம்புட்டுதான். சனிக்கிழமை வீடு பாக்க வர்றியா, என்ன?